டெல்ஃபின் வீட்டு ஹீட்டரும் ஆழ்ந்து கேட்கும் குழுவும்

மனித குலம் பேசக் கற்றுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கேட்கக் கற்றது எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், எங்கள் ஹார்லோ ஊர் யூனிடேரியன் சபையின் அடித்தள அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காபிக்குப் பிறகு. அந்த வரலாற்றில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் சபையில் கடவுளை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். காபிதான் கட்டாயம். ஆனால் 'ஆழ்ந்து கேட்கும் குழு'வுக்கு விதிகள் உண்டு. ஆற்றுக் கல் ஒன்று கைமாறிக்கொண்டே வரும். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. முக்கியமாக, எதையும் 'சரிசெய்ய' முயலக் கூடாது.

ஜனவரி மாதம். அன்றைய தலைப்பு, 'நம்பிக்கை நமக்கு என்ன தருகிறது?' கல் டெல்ஃபின் தேயரிடம் வந்தது. எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி, தனியாக இருப்பவர்.

“வியாழக்கிழமைலேர்ந்து வீட்டைச் சூடாக்கற எண்ணெய் ஹீட்டர் ஓடல. ரிப்பேர்காரங்க மூணு வாரம் ஆகும்கிறாங்க. சமையலறை அடுப்பு முன்னாடிதான் படுத்துக்கறேன்” என்றார்.

யாரும் அசையவில்லை. மூன்று நிமிடம் மௌனம். அத்தனை தரமான மௌனம் வேறெந்தச் சபையிலும் கிடைக்காது. பிறகு குழுத் தலைவி ப்ரூடன்ஸ் நெஞ்சில் கை வைத்தார். “உங்க குளிரை எங்களை நம்பி ஒப்படைச்சீங்களே, நன்றி டெல்ஃபின்.”

அடுத்த ஞாயிறு டெல்ஃபின் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோட்டுகள் போட்டுக்கொண்டு வந்தார். கேள்வி கேட்கத் தலைவிக்கு மட்டும் அனுமதி உண்டு.

“குளிர்னு சொல்றப்ப, உள்ளுக்குள்ள ஒரு வெறுமை, அதைச் சொல்றீங்களா?”

“இல்லம்மா. வெளியில இருக்கிறதைத்தான் சொல்றேன். குழாய்ல தண்ணி உறைஞ்சு போச்சு. குளிச்சு நாலு நாளாச்சு.”

போன மாதம்தான் சேர்ந்த ரஸ்ஸல், கல் கையில் இல்லாமலேயே வாய் திறந்துவிட்டார். “அட, யாராவது போய்ப் பாத்தா என்னங்க?”

அறையே உறைந்தது.

“ரஸ்ஸல்,” ப்ரூடன்ஸ் கனிவோடு கேட்டார், “டெல்ஃபின் என்ன ஒடைஞ்ச பொருளா, சரிபண்ண?”

“அவங்க இல்லீங்க, ஹீட்டர்!”

மீதி நேரம் முழுவதும் ரஸ்ஸலின் 'அவசர குணம்' பற்றி ஆழ்ந்து கேட்டோம். ரஸ்ஸல் மன்னிப்புக் கேட்டார். இதற்கெல்லாம் காரணமாகிவிட்டதற்காக டெல்ஃபினும் கேட்டார்.

மூன்றாம் ஞாயிறு அவர் வரவில்லை. காலி நாற்காலிக்கு எதிரே மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவருடைய இன்மையோடு 'உடனிருந்துவிட்டு' வர என்னை ஏகமனதாக அனுப்பினார்கள். என்னவாகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே பனியில் நடந்தேன்.

டெல்ஃபின் வீட்டுக் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. டெல்ஃபின் ஒற்றைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். ஹீட்டருக்கு அடியிலிருந்து கரி படிந்த முகத்தோடு ஒரு பெண் வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு டார்லீன். பெந்தெகோஸ்தே சபைக்காரி. அவர்களுடைய 'குறுகிய' நம்பிக்கைக்காக நாங்கள் பலமுறை பரந்த மனத்தோடு பரிதாபப்பட்டிருக்கிறோம்.

“இவ கேக்கவே மாட்டா. பாதி சொல்றதுக்குள்ள ஸ்பேனரோட உள்ள வந்துட்டா!” என்றார் டெல்ஃபின்.

இந்த அநாகரிகம் என் மனத்தைப் புண்படுத்தியது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

“தீ பத்த வைக்கிற பாகம்தான் போயிருந்துச்சு. இயேசப்பாவைக் கூப்பிட்டுக்கிட்டே மாத்திட்டேன்,” டார்லீன் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். “ஆமா, நீங்க ஓய்வுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?”

ஆன்மாவைப் பற்றி மட்டுமே பேசும் எங்கள் குழுவில் எட்டு ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி.

“இருபத்தொன்பது வருஷம் ஹீட்டர் ரிப்பேர்” என்றேன்.

டெல்ஃபினின் சிரிப்பு நின்றது.

“ரெண்டு வாரமும் என் பக்கத்து நாற்காலிலதானே உக்காந்திருந்தீங்க?”

“ஆமா டெல்ஃபின்,” என்றேன் பெருமையோடு. “ஒரு வார்த்தை குறுக்கே பேசினேனா?”