கண்ணகப்பையில் சூரியன்

"கிரகணம் முடியத் தாறன்" என்று சொல்லி, பிள்ளைகளுக்காகச் சுபாஜினி ரீச்சர் கொண்டுவந்த சூரியக் கண்ணாடிப் பெட்டியை மார்க்கண்டர் கோயிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவித்தார்.

"முடிஞ்சாப்போல என்னத்தைப் பார்க்கிறது, அண்ணை?"

"ஒண்டையும் பார்க்கக்கூடாது எண்டுதானே, பிள்ளை, உள்ளை வைச்சது!"

மார்க்கண்டர் கோயில் தலைவர். அரியாலையில் அந்தக் கோயில் வீதியில் அவரைக் கேட்காமல் ஆடுகூட மேயாது. அவரையே அடக்கக்கூடிய ஒரே ஆள் உள்ளே இருந்த ஐயர்தான். சண்டைக்காலத்துச் சன்னங்கள் துளைத்த மண்டபத்துத் தகரக் கூரையை மாற்ற மார்க்கண்டர் பத்து வருடமாக நாள் கேட்கிறார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "நாள் சரியில்லை" என்றே சொல்லிவருகிறார்.

சுபாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூரியன் மோதிரமாய்த் தெரியப்போவது மூன்றே நிமிடம். இதை விட்டால் இந்த இருபது பிள்ளைகளும் படித்து முடிக்கும்வரை இன்னொன்று வராது.

"பார்த்திட்டுத்தான் போறது!" என்றாள். மாணவி ஆரபியைப் பக்கத்து வீட்டுக் குசினிக்கு ஓடவிட்டு எண்ணெய் வடிக்கிற ஓட்டைக் கரண்டியான கண்ணகப்பை ஒன்றை எடுப்பித்தாள். வெயிலில் பிடித்ததும், துளைக்கொரு கடிபட்ட சூரியன் மணலில் விழுந்தது.

மார்க்கண்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"சுபாஜினி ரீச்சர் கண்ணகப்பையாலை சூரியனை வடிக்கிறா! ஒருத்தரும் வெளியிலை வரக்கூடாது!"

அதுவரை வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த ஊர் முழுவதும் வெளியில் வந்தது. மணலே தெரியவில்லை. சூரியன்கள் எல்லாம் முன்னால் வந்து நின்ற தம்பிராசாவின் வழுக்கையில் விழுந்தன. அவரோ ஓரிடத்தில் நிற்கிற ஆளில்லை.

"ஆடாதேங்கோ, அண்ணை!"

"எங்கை பிள்ளை சூரியன்? எனக்கு ஒண்டும் தெரியேல்லை!"

வெயில் மங்கத் தொடங்கியது. சுபாஜினி கோயில் கதவை இரண்டு கையாலும் இடித்தாள்.

"கண்ணாடியைத் தாங்கோ, ஐயா!"

"திறக்காதேங்கோ, ஐயா! சாமி குற்றம்!" மார்க்கண்டர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"குற்றமெண்டால் என்ரை தலையிலை விழட்டும். பிள்ளையள் பார்க்கவேணும்!"

கதவு ஒரு பக்கம் திறந்தது. ஐயர் தலையை மட்டும் நீட்டினார்.

"கெதியா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு உள்ளை வாங்கோ, ரீச்சர். கதவைச் சாத்தி இருட்டாக்கினாத்தான் வடிவாத் தெரியும். ஓட்டைக்கொரு மோதிரம் நிலத்திலை விழப்போகுது. மார்க்கண்டர், உந்தத் தகரத்தை மாத்த நான் பத்து வருசமா ஏன் நாள் தரேல்லை எண்டு நினைச்சியள்?"