கரையாத வட்டம்

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
11.11.2005

மரியாதைக்குரிய அற்புதராஜ் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் மெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. அம்மா நலம். மழையும் நலம். என்னைப் பற்றிக் கீழே.

என் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். சோயாப் புரதத்தைக் காய்ச்சி, செல்லுலோஸ் நாரைக் கலந்து, மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் வட்டின் மேல் ஊற்றிக் காயவைத்து உரித்தால் ஒரு படலம் வரும். அது தண்ணீரில் கரையாமல் நின்றால் பிளாஸ்டிக் பைக்கு மாற்றாகும், எனக்குப் பட்டமும் ஆகும். ஆனால் இந்த நார்கள் நம் சொந்தக்காரர்கள் மாதிரி. பரவலாக உட்காரச் சொன்னால் ஒரே மூலையில் திரண்டுகொள்ளும். திரண்ட இடத்தில் படலம் பிய்ந்துபோகும். இரண்டு வருடம் பிய்ந்த பிறகு, போன வாரம் வீட்டில் செய்த ஒன்றில்தான் நார் சீராகப் பரவியது. திங்கட்கிழமை அதைப் பேராசிரியரிடம் காட்டாவிட்டால் என் உதவித்தொகை நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைத்த அம்மா, தட்டில் வட்டமாக, வெள்ளையாக, மெல்லிசாக ஒன்றைப் பார்த்திருக்கிறாள். "அடிப்பாவி! கோயில்லேர்ந்து நற்கருணை அப்பத்தத் தூக்கிக்கினு வந்துட்டியாடி!" நான் வாய் திறப்பதற்குள் தட்டோடு கோயிலுக்கு ஓடிவிட்டாள். சாமியார் ஊரில் இல்லை. உபதேசியார் அதைத் தொடவே பயந்தார். "பூசையில வச்சதா வைக்காததான்னு தெரியலியேம்மா. தண்ணியில கரைச்சிடலாம், அதான் முறை" என்று கண்ணாடிக் கிண்ணத்தில் சரித்தார். அது கரையவில்லை. மறுநாளும் கரையவில்லை. இப்போது கிண்ணத்தைச் சுற்றி மெழுகுவத்தி, ஜெபமாலை, கூட்டம். வாரமெல்லாம் மழை பெய்து அளத்தில் குவித்த உப்பு கரைந்து ஓடுகிறது, யாருக்கும் வேலையில்லை. போன டிசம்பரில் கடல் வந்துபோனதிலிருந்து, ஏதாவது ஒன்று கரையாமல் நிற்கட்டும் என்றுதான் எல்லோரும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள்கூடக் கற்பூரத்தோடு வந்துவிட்டார். "எந்த சாமியா இருந்தா எனக்கென்னா? உப்பே கரையுது, இது கரையலியே!"

"அது சாமி இல்லிங்க, சோயா. மீல்மேக்கர் பண்றாங்களே, அது" என்றேன்.

"வாயக் கழுவுடி" என்றாள் அம்மா. என்னைக் கிண்ணத்தின் பக்கமே விடுவதில்லை.

மாமா, நீங்கள் சொன்னால்தான் அம்மா கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து என் படலத்தை மீட்டுக் கொடுங்கள். அத்தைக்கும் ஜெஸ்வினுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டுக் கூரை இந்த மழையில் ஒழுகாமலிருக்க மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
மெர்லின்

பி.கு.: வர வேண்டாம் மாமா. உறை தேடியபோது அகராதிக்குள் என் படலம் கிடைத்தது. நானே உரித்து வைத்து மறந்திருக்கிறேன். அம்மா எடுத்துப்போனது படலத்துக்கு அடியில் இருந்த வெறும் பிளாஸ்டிக் வட்டு. மனம் கேட்காமல் என் படலத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இந்த வரியை எழுதுவதற்குள் முக்கால்வாசி கரைந்துவிட்டது. கிண்ணத்தில் கிடப்பது இன்னதென்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். மழை விடட்டும்.