நான் ஆரத்தி எடுத்த வேட்பாளர்

நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நெல்லிக்குப்பத்தில் பத்தாவது படித்தபோது கணக்கு வாத்தியாரை அவருடைய செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும். கல்யாணமாகிக் கிள்ளைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் மளிகைக் கடைக்காரர் எதிரே வந்தால், குனிந்து பெருவிரலைப் பார்த்த பிறகுதான் அவர் என்று தெரிகிறது. இதனால் எனக்கு மட்டும் கெடுதல் என்றால் பரவாயில்லை. சட்டமன்றத் தேர்தலில் நின்ற ஒரு மனிதருக்கும் கெடுதல் செய்துவிட்டேன். அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன்.

மாமா (நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) இரண்டு முறை பேரூராட்சிக் கவுன்சிலராக இருந்தவர். யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரே போய் நிற்பார். எப்போதும் காலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. கட்சியில் சீட்டுக் கிடைக்காததால் சிதம்பரம் தொகுதியில் சுயேச்சையாக மனுப் போட்டார். குழாய்ச் சின்னம் கேட்டார். கேரம் போர்டு கொடுத்தார்கள். அதையும் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரங்கிப்பேட்டை வரைக்கும் போய்வந்தார்.

பிரச்சாரம் சூடு பிடித்ததும் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது.

"நம்ம தெருவுலயே நமக்கு ஆரத்தி எடுக்கலைன்னா வெளியூர்ல எவன் மதிப்பான்? அதை வீடியோ எடுத்து எல்லா ஊருக்கும் அனுப்பணும். அத நம்பித்தான் நான் இருக்கேன்" என்றார் மாமா. "மொத தட்டு நம்ம வீட்டுத் தட்டா இருக்கணும்."

மாமாவின் மனைவி பிரச்சார ஜீப்பில் கூடவே வரவேண்டியவர். மீதி இருந்தது நான். முடியாது என்று சொல்ல வேண்டுமென்றால் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தலையை ஆட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். ஃபிரிட்ஜின் முன்னால் என்னைத் தட்டோடு நிறுத்தினார்.

"இதான் அண்ணன்னு நெனச்சுக்க. மூணு சுத்து சுத்து. பொட்ட வையி. 'எங்க தெரு ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான்'னு சொல்லு. அவ்ளோதான்."

"மொகத்தப் பாத்தா பேச்சே வராதுங்க."

"அப்ப நிமிராத. குனிஞ்சிக்கிட்டே எடு. அண்ணன் எங்க போயிடப் போறாரு."

நிமிர வேண்டாம் என்று ஒரு மனிதர் அனுமதி கொடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குத் தைரியமே வந்துவிட்டது. (ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் குங்குமக் கறை இன்னும் போகவில்லை.)

எங்கள் தெருவுக்குப் போலீசார் மாமாவுக்குக் கொடுத்த நேரம் காலை பத்து மணி. அதற்கு முந்தின நேரம் பெரிய கட்சி வேட்பாளருக்கு. அவர் தாமதமாகக் கிளம்பியிருக்கிறார். மாமாவின் ஜீப்போ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. இதெல்லாம் பிறகு தெரிந்த விஷயம். பத்து மணிக்குத் தெருமுனையில் மேளமும் வெடியும் கேட்டன. நான் தட்டோடு முன்னால் நின்றேன். என் பின்னால் பதினோரு பெண்கள். வண்டி வந்து நின்றது.

ஒருவர் இறங்கினார். காலில் புத்தம்புது வெள்ளை ஷூ. தேர்தலுக்காவது மாமா நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மூன்று சுற்றுச் சுற்றினேன். ஃபிரிட்ஜின் உயரத்துக்குக் கையைத் தூக்கிப் பொட்டு வைத்தேன். விரலில் வழுவழுவென்று கண்ணாடி பட்டது. மாமா கண்ணாடியும் போட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் மேலே தள்ளி இன்னொரு பொட்டு வைத்தேன். யாரோ மைக்கை நீட்டினார்கள். பாடம் பண்ணியதைத் திக்காமல் சொன்னேன்.

"எங்க தெரு ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றது ஒரு குரல். அது மாமாவின் குரல் இல்லை.

நிமிர்ந்தேன். ஒரு கண்ணாடி முழுக்கக் குங்குமத்தோடு, ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டரில் சிரித்தவர் நேரில் சிரித்துக்கொண்டிருந்தார். பூமி பிளக்கவில்லை. நான் தட்டோடு ஓரமாக நகர்ந்தேன். பின்னால் நின்ற பதினோரு பேரும் வரிசையாக வந்து அவருக்கு ஆரத்தி எடுத்துத் தண்ணீரைத் தெருவில் கொட்டினார்கள்.

அவர் போனதும் பக்கத்து வீட்டு மல்லிகாவைப் பிடித்துக்கொண்டேன்.

"கொடிய பாத்தீங்கல்ல, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீயே மொதல்ல எடுத்தியா, காலையில உங்க மாமா அந்தக் கட்சியில சேந்துட்டாரு போலன்னு நெனச்சோம்" என்றாள் மல்லிகா. "எலக்சன் நேரம். யாரு கண்டது."

இருபது நிமிஷம் கழித்து மாமா வந்தார். தெருவெல்லாம் சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததும் ஜீப்பிலிருந்தே கும்பிட ஆரம்பித்துவிட்டார். இறங்கி வந்து, "வர்றதுக்கு முன்னாடியே இவ்ளோவா" என்று கேட்டார். பன்னிரண்டு பெண்களும் அவருடைய ரப்பர் செருப்பைப் பார்த்தோம்.

நான்தான் சொன்னேன். மாமா தட்டுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

"ஆளு யாருன்னு பாக்கவே இல்லியாம்மா?"

"இல்ல மாமா. கூச்சமா இருந்திச்சு."

"கேரம் போர்டத் தூக்கிக்கிட்டு நான் அலையிறேன், எனக்கே கூச்சம் இல்ல. உனக்கு என்னம்மா" என்று சொல்லிவிட்டுக் காலித் தட்டுகளைக் கும்பிட்டுக் கிளம்பினார்.

மாமா ஆசைப்பட்டபடி வீடியோ எல்லா ஊருக்கும் போனது. 'சுயேச்சை வேட்பாளர் வீட்டிலேயே நமக்கு ஆரத்தி' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் நெல்லிக்குப்பத்திலிருந்து என் தம்பி போன் செய்து, "அக்கா, எந்தக் கட்சின்னு எனக்கு மட்டும் சொல்லு" என்றான்.

மாமா தோற்றார், டெபாசிட்டும் போனது. வெள்ளை ஷூக்காரர் ஜெயித்தார். ஆரத்தி இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று மாமாவே சொன்னார். நல்ல மனிதர். நான் நம்பவில்லை.

அடுத்த வருடம் எங்கள் தெருச் சிறுபாலம் இடிந்தது. மாமா மனுவோடு எம்.எல்.ஏ. ஆபீசுக்கு மூன்று தடவை போனார். உள்ளே விடவில்லை. நான்காம் தடவை, "நீயும் வாம்மா" என்றார். போனேன். வெள்ளை ஷூ எழுந்து நின்றது. "அடடே, ஆரத்தி எடுத்த அக்கா" என்று கூப்பிட்டு மனுவில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். (மாமாவை யாரென்று என்னிடம் கேட்டார்.) பாலம் வந்தது. மாமா தேர்தலில் நின்றதால் தெருவுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான், அதுவும் என் தப்பால்.

போன தை மாதம் சிதம்பரத்தில் மாமா மகளுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க, வேண்டுமென்றே, என் கையில்தான் தட்டைக் கொடுத்தார் மாமா. சொந்தக்காரர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்துகொண்டே போனேன். எதிரே இருந்த பளபளப்பான ஷூ ஓர் அடி முன்னால் வந்தது. மாப்பிள்ளை முழங்காலை மடக்கி, என் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து மெதுவாகச் சொன்னார்:

"சின்ன அத்தை, நான்தான். பாத்துக்கங்க."