ஃப்ரிட்ஜில் வைத்த பியோனி மொட்டு

தால்சி,
வெள்ளிக்கிழமை, காபிக்குப் பின்

புது முழங்கால் பொருத்திக்கொண்டு யூர்மலா கடற்கரை விடுதியில் ராஜா மாதிரிப் படுத்திருக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் வில்னிஸுக்கு, உன் தங்கை பிரூடாவைக் கட்டிய பாவத்துக்காக உன் தோட்டத்துக்குக் காவல் இருக்கும் ஓயார்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் பூனையும் சுகம், உன் கூரையும் வழக்கம்போலச் சுகமாக ஒழுகுகிறது. அங்கே உன் முழங்காலும், நர்சம்மாக்களைத் திட்டும் உன் வாயும் நலம் என்று நம்புகிறேன். இனி எழுதப்போவதைப் படிக்கும்போது எழுந்து நிற்காதே, புது முழங்காலுக்கு ஆகாது.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன நான்கு பக்கக் கட்டளையை நான் ஒரு எழுத்துகூட மீறவில்லை. எனக்கும் பிரூடாவுக்கும் கல்யாணம் ஆனபோது உன் தங்கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ அரை வரிகூட எழுதித் தரவில்லை, ஒரு செடிக்கு மட்டும் நான்கு பக்கம். சரி, காரணம் எனக்கும் தெரியும். மரப் பியோனியின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டுத் தோட்டத்துப் பியோனிக்கு வைத்து, நூற்றுக்கணக்கில் பூக்கள் வீணாகி, கைப்பிடி விதைகூடத் தேறாமல், தேறியதில் ஒரே ஒரு செடி பிழைத்து, பதினொரு வருஷம் கழித்து இந்த ஜூனில் முதல் தடவையாக ஒரே ஒரு மொட்டு. பூத்தால் என்ன நிறம் என்று பெற்ற உனக்கே தெரியாது. சனிக்கிழமை ரீகா கண்காட்சியில் அதை உன் பெயரில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் நீ என்னிடம் கேட்டது.

மொட்டில் எறும்பு ஊர்ந்தது. பிரூடா சோப்புத் தண்ணீரோடு வந்தாள். எறும்பால் பூவுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று இரண்டாம் பக்கத்தில் நீ அடிக்கோடு போட்டிருந்ததால் நான் குறுக்கே நின்றேன், சோப்புத் தண்ணீர் முழுக்க என் கால்சட்டையில். மழை வந்தது, செடியின் மேல் குடை கட்டினேன். அந்த நேரம் பார்த்து உன் எதிர்வீட்டு ரஸ்மா, நம் மருந்துக்கடை ரஸ்மாதான், சைக்கிளை நிறுத்தி, "என்ன ஓயார்ஸ் அண்ணே, செடிக்குச் சளியா? கஷாயம் ஏதாவது காய்ச்சித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தெருவே சிரித்தது. செவ்வாய்க்கிழமை திடீரென்று வெயில் கொளுத்தியது. விட்டிருந்தால் மொட்டு வியாழனே விரிந்து சனிக்குள் உதிர்ந்திருக்கும். நீ எழுதியிருந்தபடி அமுக்கிப் பார்த்தேன், பஞ்சு மாதிரி அமுங்கியது, வெட்டினேன், செய்தித்தாளில் சுற்றி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் படுக்க வைத்தேன். பக்கத்தில் பழம் இருந்தால் மொட்டு கெட்டுவிடுமாமே! ஒன்றரைக் கிலோ ஆப்பிளை ஒரே சாயங்காலத்தில் நானே தின்று தீர்த்தேன். அதன் பிறகு என் வயிறு பட்ட பாட்டை எழுதி உன்னைக் கஷ்டப்படுத்த விரும்பவில்லை.

வியாழக்கிழமை ரஸ்மாவின் பெயர்நாள், காலண்டரில் அவள் பெயர் அச்சடித்திருக்கும் நாள். பெயர்நாளுக்கு நம் ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஆனால் போகாவிட்டால் ஜென்மத்துக்கும் மன்னிப்பதில்லை. பிரூடா எங்கள் தோட்டத்தில் ஏழு சிவப்புப் பியோனி பறித்து ரிப்பன் கட்டினாள். வாசல்படி இறங்கும்போது ஒரு பூ பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"ஐயையோ, ஆறாயிடுச்சே! ரெட்டைப்படையில பூவைத் தூக்கிட்டுப் போக அவ என்ன கல்லறையிலயா படுத்திருக்கா?" என்று கத்தினாள் உன் தங்கை.

"அப்ப ஒண்ணை எடுத்துப் போட்டுட்டு அஞ்சாக் கொண்டுபோயேன்."

"அஞ்சா? பேக்கரிக்காரி ஒன்பது கொண்டு வருவா, நான் அஞ்சோட போய் நிக்கணுமா? உங்க மானம் எப்படியோ, எனக்கு மானம் இருக்கு!"

அப்புறம் என்ன நடந்தது என்றால், நான் தொப்பி தேடப் போயிருந்தேன், அவள் அடுக்களைக்குப் போயிருந்தாள், திரும்பி வந்தபோது கையில் ஏழு இருந்தது. நான் எண்ணினேனே தவிர, உற்றுப் பார்க்கவில்லை. ரஸ்மா வீட்டில் எல்லாவற்றையும் ஜாடியில் வைத்தார்கள். மூன்று மணிக்கு மூடியிருந்த அந்த ஏழாவது, சூடான அறையில், காபியும் இனிப்பு ரொட்டியும் நடக்கிற நேரத்தில் மெல்ல மெல்ல அவிழ ஆரம்பித்தது. ஆறு மணிக்கு முழுசாக விரிந்தது. மஞ்சள், மச்சான்! வெண்ணெய் மஞ்சள், அடியில் கருஞ்சிவப்புத் தீற்று, ஓரத்தில் வெயில் பட்ட மாதிரி ஒரு சாயம். பேக்கரிக்காரியே வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள். கொடுத்த பூவை எந்த வாயால் திருப்பிக் கேட்பது? பிரூடா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்த மிதியில் கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது. ஆக, நாளை ரீகாவில் உன் மேஜை காலியாக இருக்கும். நீ எவ்வளவு ஆசையாக இருந்தாய் என்று எனக்குத் தெரியும், அதனால் நெஞ்சு வலிக்கிறது. எல்லாம் விதியும் உன் தங்கையின் அவசரமும் செய்த வேலை, என் தப்பு கடுகளவும் இல்லை.

உன் முழங்காலுக்கு நீண்ட ஆயுளும், உன் செடிக்கு அடுத்த வருஷம் பத்து மொட்டும் கிடைக்கட்டும். பிரூடா தன் அன்பையும், கால்வாசி மன்னிப்பையும் தெரிவிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பாவி ஓயார்ஸ்

பின்குறிப்பு: பிரூடா மேலே உள்ளதைப் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள், அதனால் உண்மையை எழுதுகிறேன். அந்தப் பூ தானாகக் கொட்டவில்லை, என் முழங்கையால் நான்தான் தட்டிவிட்டேன். "ஃப்ரிட்ஜ்ல பேப்பருக்குள்ள ஒண்ணு கிடக்குது பாரு" என்று சொன்னதும் நான்தான். புதன்கிழமை கண்காட்சிப் படிவத்தை எடுக்க உன் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பூவின் பெயர் என்ற இடத்தில் "ரஸ்மா" என்று எழுதி, அடித்து, மறுபடி "ரஸ்மா" என்று எழுதி, அதையும் அடித்து வைத்திருந்தாய். அடப்பாவி, பதினொரு வருஷமா? எதிர்வீடுடா! தெருவைக் கடக்க முழங்கால் நன்றாக இருந்தபோதே உனக்குத் தைரியம் வரவில்லையே!

நேற்று எல்லோரும் போன பிறகு, இது யார் வளர்த்தது என்று அவள் கேட்டாள். சொன்னேன். ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, உன்னைப் பார்க்கத் தானே போவதாகச் சொன்னாள். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் உனக்கு இதைக் கொண்டு வந்து கொடுத்தவள் அவள்தான், நீ இதைப் படிக்கும் இந்த நேரம் உன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுத்தேன், உள்ளே எழுதியிருப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. அதை வாங்கும்போது என்னிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணே, இந்தப் பூவுக்கு அவரு என்ன பேரு வச்சிருக்காரு?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நீயே சொல்லு.