எழுதாததெல்லாம் அந்தந்தக் கடைக்கு

அரசியல் சாசனம் எழுதியவர்கள் நாட்டுக்கு நாடு இருப்பார்கள். ஆனால் கக்கூஸுக்குள் மாட்டிக்கொண்ட பிறகும், "ஏழு பேர் கையெழுத்து இல்லாம கதவை உடைக்கக் கூடாது" என்று உள்ளேயிருந்தே தன் சாசனத்தைக் காப்பாற்றியவர் எங்கள் ஷரத்து பாய் ஒருத்தர்தான். அடித்துச் சொல்வேன். கதவுக்கு வெளியே நின்றவர்களில் நானும் ஒருத்தன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஏழு கடைகள். என்னுடையது ஜெராக்ஸ் கடை. பக்கத்துக் கடையில் பாய் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் எட்டுப் பேரோடு ஒரே ரூமில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். "எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு தம்பி. அங்கேருந்து அடிதடி இல்லாம திரும்பி வந்தவன் எந்த நாட்டையும் ஆளலாம்" என்பார். எதைப் பேசினாலும் "இதுக்கு ஒரு ஷரத்து வேணும்" என்று முடிப்பதால் அந்தப் பெயர். டீக்கடையில்கூட, "சீனி கம்மி. இது வேண்டுகோள் இல்ல மாமா, ஷரத்து" என்றுதான் டீ சொல்வார்.

ஏழு கடைக்கும் பொதுவாக ஒரு தண்ணீர் மோட்டார். யார் போடுவது, யார் நிறுத்துவது என்று தினம் சண்டை. ஒன்று, தொட்டி காய்ந்து கிடக்கும். இல்லையென்றால் வழிந்து ஓடும். ஒரு தலைவரைப் போட்டுவிடலாம் என்றார் விதைக்கடை ராசு அண்ணன். பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தலைவரா? இன்னைக்கு மோட்டாரைப் போடும்பாரு. நாளைக்கு உங்க கடைக்குள்ள வந்து ஸ்டூலை நகத்தும்பாரு. அதிகாரங்கறது பூனை மாதிரிங்க. ஒருக்கா பால் வெச்சீங்கன்னா வூட்டை விட்டுப் போவாது."

பிறகு எங்களை நிற்க வைத்தே ஒரு வகுப்பு எடுத்தார். "ரெண்டு வகை இருக்கு. சாசனமே மத்திக்கு இவ்வளவு, மாநிலத்துக்கு இவ்வளவுன்னு பங்கு பிரிச்சுடும். நடுவுல இருக்கறவரு கை கொஞ்சம் ஓங்கியிருக்கும். இது நம்ம டெல்லி வகை. இன்னொண்ணு, தனித்தனி நாடுங்க ஒண்ணாக் கூடி, 'நாங்க குடுக்கறதுதான் உனக்கு, அதுக்கு மேல மூச்சு விடாதே'ன்னு நடுவுல ஒண்ணை உண்டாக்கறது. நமக்கு ரெண்டாவது."

"ரெண்டுல எதுல பாய் தொட்டி ரொம்பும்?" என்று கேட்டார் டீக்கடை மாமா. அந்தக் கேள்விக்கு ஷரத்து இல்லை.

மூன்று பக்கத்தில் சாசனம் தயாரானது. நான்தான் லேமினேட் செய்து வராண்டாச் சுவரில் மாட்டினேன். மோட்டார், வராண்டா, பின்பக்கக் கக்கூஸ் மூன்றும் பொதுப் பட்டியல். அவற்றை மாற்றவோ உடைக்கவோ ஏழு கடையின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். ஒருத்தர் மறுத்தாலும் நடக்காது. இதில் எழுதாத அதிகாரமெல்லாம் அந்தந்தக் கடைக்கே. என்னைச் செயலாளர் ஆக்கினார். எனக்கு என்ன அதிகாரம் என்று ஆசையாகக் கேட்டேன். "லெட்டர் எழுதலாம்" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். மோட்டார் சண்டை அன்றோடு ஒழிந்தது. ஆளுக்கொரு நாள் முறை. பின்னால் ராசு அண்ணன் மக்காச்சோள விதை மூட்டையை வராண்டாவில் அடுக்க அனுமதி கேட்டபோது மட்டும் ஒரு உரசல். ஆறு பேர் சரி என்றோம். பாய் மறுத்தார். "இன்னைக்கு மூட்டை, நாளைக்கு குடோன்." ராசு அண்ணன் இரண்டு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. பாயின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மூன்றரை மணிக்கு வருகிறார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா நேரத்தில் கறார். பெண்ணின் வாப்பா வீட்டில் இல்லை என்று போன மாதம்தான் ஓர் இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவராம். பாய் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டெய்லர் செல்வி அக்கா தைத்துக் கொடுத்த புது வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டே முக்காலுக்குப் பின்பக்கம் போனார். துருப்பிடித்த தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது.

நாங்கள் ஓடினோம். மெக்கானிக் சேகர் கடப்பாரையோடு வந்தான்.

"பாய், தள்ளி நில்லுங்க. ஒரே நெம்பு."

"தொடாத! அது பொதுப் பட்டியல்!"

"பாய், நீங்க உள்ள இருக்கீங்க!"

"நான் உள்ள இருக்கேன்னு சட்டம் வெளிய போயிருமா? செயலாளர், லெட்டர் எழுதுங்க."

எழுதினேன். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டோம். ஆறாவது பாயுடையது. தாளையும் பேனாவையும் கதவுக்கடியில் தள்ளினேன். கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

"தேதி போடல தம்பி."

தேதி போட்டுத் தள்ளினேன். கையெழுத்தாகி வந்தது. ஏழாவது, ராசு அண்ணன். அவர் ரஞ்சன்குடி பக்கம் வெங்காயக் காட்டில் இருந்தார். போனைப் போட்டேன்.

"அண்ணே, பாய் கக்கூஸுல மாட்டிக்கிட்டாரு. உடைக்க உங்க சம்மதம் வேணும்."

ஒரு நிமிஷம் சிரிப்புச் சத்தம்தான். பிறகு, "என் மூட்டைக்கு அவரு சம்மதம் குடுத்தாரா? குடுக்கச் சொல்லு, பொறவு பேசலாம்." வைத்துவிட்டார். பெண் பார்க்க வரும் விஷயத்தைச் சொல்லக்கூட விடவில்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். பதில் இல்லை.

"மூட்டைக்குச் சரின்னுடுங்க பாய்!" என்று கத்தினான் சேகர்.

"மிரட்டலுக்குப் பயந்து சாசனத்தைத் திருத்தினா அது சாசனமே இல்ல." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தம்பி... மணி என்ன?"

"ஒண்ணு இருவது."

உள்ளேயிருந்து மெதுவாக, "புள்ள காத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

செல்வி அக்கா கழுத்தில் அளவு டேப் தொங்க, கதவருகே போய் நின்றார்.

"பாய், கதவு பொதுப் பட்டியல். சரி. உள்ள மாட்டுன மனுசன் எந்தப் பட்டியல்?"

"...அதை எழுதலியே தங்கச்சி."

"எழுதாததெல்லாம் யாருக்குன்னு எழுதியிருக்கீங்க?"

உள்ளே ஆனந்தக் கூச்சல். "மாஷா அல்லாஹ்! அந்தந்தக் கடைக்கு!"

"என் கடை முடிவு பண்ணிடுச்சு. சேகரு, நெம்புடா."

கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. பாய் வெளியே வந்தார். புதுச் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. நாங்கள் மூச்சு விடுவதற்குள், "அந்த வாதத்தை அப்படியே குறிச்சுக்கணும், பேனா எங்கே?" என்று உட்கார்ந்துவிட்டார். குறித்து முடித்தபோது பஸ் போயிருந்தது.

எல்லாரும் தலையில் கைவைத்து நிற்கும்போது ஒரு பைக் வந்து நின்றது. முழங்கால்வரை சேறு. ராசு அண்ணன்.

"வீம்புக்குச் சொன்னா, விட்டுருவனாய்யா? ஏறுங்க பாய்!"

வெள்ளைச் சட்டை, சேற்றுக்கால்காரரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பறந்தது. நாங்கள் வேலை ஓடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணிக்கு பாயே பேசினார். "அல்ஹம்துலில்லாஹ். பத்து நிமிஷம் முன்னாடியே போயிட்டோம். பேசி முடிச்சாச்சு. ராசுக்கும் சேத்துத்தான் நம்ம வூட்டுல பிரியாணி." செல்வி அக்கா மிஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதார். டீக்கடை மாமா அன்று எல்லாருக்கும் சீனி கூடுதலாகப் போட்டார்.

மூட்டைக்குப் பாய் பிறகு சம்மதம் கொடுத்தார். அறுவடைவரை, நான்கே நான்கு மூட்டை. நாலு உள்ஷரத்தோடு.

போன வருஷம் பாய் கடையைப் பூட்டிவிட்டு ஊரோடு போய்விட்டார். சென்ற மாதம் வராண்டாவுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தது. சுவரில் மாட்டிய அந்த மூன்று பக்கத்தையும் கழற்றலாமா என்று கேட்டார். வராண்டா பொதுப் பட்டியல். ஏழு கையெழுத்து வேண்டும். லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் இருக்கிறது. பாயிடம் போன் இருக்கிறது. நாங்கள் ஆறு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

பெயின்டர் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்.