படையலுக்கு வைத்த பீரங்கி

நாகப்பட்டினத்தில் இருக்கும் தம்பி வீரையனுக்கு அக்கா அம்சம் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்கக் குலதெய்வம் துணை. இங்கே நானும் ஆடு இரண்டும் சுகம்.

கருமாதிச் சாப்பாடு ஆனதும் நீ பஸ் ஏறிவிட்டாய், பிறகு நடந்ததைக் கேள். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படைக்கணும் என்றார்கள், சுருட்டு வைத்தேன், கருவாட்டுக் குழம்பு வைத்தேன், ஆனால் உன் மச்சானுக்கு அதையெல்லாம்விடப் பிடித்தது டூரிங் சினிமாக் கொட்டகை மூடியபோது முதலாளி மெஷினோடு கொடுத்த வெள்ளைக்காரன் சண்டைப் படம்தானே, அது ஊமைப்படம், இவர்தான் திரைக்குப் பக்கத்தில் நின்று துப்பாக்கிச் சத்தம் கொடுப்பார். அதையும் படைத்துவிடுவோம் என்று விளக்கு வைத்ததும் வேட்டியைத் திரையாகக் கட்டி, அவரோடு வேலை பார்த்த ரெத்தினத்தை மெஷின் சுற்றச் சொன்னேன். கத்தி சொருகிய துப்பாக்கிக்குப் பலகை தட்டினேன், குண்டை மாலையாகத் தொங்கவிட்ட துப்பாக்கிக்குச் சைக்கிள் சக்கரத்தில் மூங்கில் பத்தையை விட்டேன், சக்கரம் வைத்த பீரங்கி பின்னால் துள்ளும்போதெல்லாம் காலி மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் உலக்கையால் போட்டேன்.

கூலித் தகராறில் பண்ணையார் வீட்டில் ஏற்கெனவே யாருக்கும் தூக்கமில்லை. கூலி ஆட்கள் பீரங்கி இறக்கிவிட்டார்கள் என்று அவர் காரியக்காரர் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டார். போலீஸ் வந்து மெஷினையும் படப்பெட்டியையும் தூக்கிப்போனது. மறுநாள் ரைட்டர் என்னை உட்காரவைத்து, "எத்தனை துப்பாக்கிம்மா இருக்கு?" என்றார்.

"நூறுக்குக் குறையாதுங்க. பீரங்கி ஆறு."

"யாரு கொண்டாந்தது?"

"என் வீட்டுக்காரருங்க. செத்துட்டாரு."

"உனக்குச் சுடத் தெரியுமா?"

"சத்தம் மட்டும்தாங்க."

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அத்தனையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். பெட்டியைக் கோர்ட்டுக்கு அனுப்புவார்களாம். உன் மச்சான் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாத மனுஷன் தம்பி, அவர் என்று சொல்ல அந்தப் பெட்டிதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வக்கீலோடு வா.

சாவித்திரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

அக்கா அம்சம்

பின்குறிப்பு: வக்கீல் வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சுவரில் படத்தைப் போட்டுப் பார்த்தார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பீரங்கி அதுபாட்டுக்குப் புகை விட்டுக்கொண்டே இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. பதினாறு நாளும் வராத அழுகை அங்கே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பயந்துபோய் மெஷினையும் பெட்டியையும் கையோடு கொடுத்துவிட்டார். அவர் வீட்டு அம்மா சத்தத்தோடு பார்க்கணுமாம், வெள்ளிக்கிழமை போடுகிறோம். பலகைக்கு ஆள் இல்லை, நீ வா. பீரங்கி எனக்குத்தான்.