ஆளுக்கு ஒரு நண்டு

டிசம்பர் பதினான்காம் தேதி காலை, வெறும் கஞ்சியையும் ஊறவைத்த முள்ளங்கியையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குராதா ஒரு முடிவுக்கு வந்தார். உயிரே போனாலும் இந்த வருஷம் நண்டு சாப்பிடாமல் விடுவதில்லை.

கடலோர ஊரான கனசாவாவில் பிறந்த மனுஷனுக்கு இது ஒன்றும் பேராசை இல்லை. முட்டை நிறைந்த பெட்டை நண்டு நவம்பர் ஆரம்பத்தில் சந்தைக்கு வரும். டிசம்பர் இருபத்தொன்பதோடு சரி. அந்த ஏழெட்டு வாரத்துக்காகவே மிச்ச மாதங்களைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. குராதாவும் அந்தக் கூட்டம்தான்.

ஆனால் ஜூலையில் அவருடைய வலது கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு யூரிக் அமிலம் என்றார். மீன்முட்டை, நண்டுமுட்டை, ஈரல், பீர் எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்தார். குராதா அதை டாக்டரின் சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொண்டார். அவர் மனைவி சயோகோ சட்டம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. போர்வை நுனி பட்டாலே அலறிய மனுஷனின் காலை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் கண் மூடாமல் ஐஸ் மாற்றியவள் அவள்தான். அதை நினைத்தால் குராதாவுக்குக் கண் கலங்கும். நண்டை நினைத்தால் கலங்கிய கண் காய்ந்துவிடும்.

தெரியாமல் ஒன்று வாங்கித் தின்றுவிடலாம் என்று போன மாதமே சந்தைக்குப் போய்ப் பார்த்தாயிற்று.

"உங்க வீட்டம்மா சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க சார்," என்றார் மீன்காரர். "உங்களுக்கு வித்தா, அப்புறம் எங்கிட்ட மத்தி கூட வாங்க மாட்டாங்களாம்."

அடுத்த கடையிலும் அதே பாட்டு. மூன்றாவது கடையில் அவர் வாயைத் திறக்குமுன்பே தலையை ஆட்டிவிட்டார்கள்.

கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலையில்தான் குராதாவுக்கு மூளை வேலை செய்தது. முப்பத்துநான்கு வருஷக் குடித்தனத்தில், விருந்தாளி முன்னால் சயோகோ அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாசலில் வேற்று ஆள் செருப்பு கிடந்தால் போதும், அவள் குரல் வழுக்கிக்கொண்டு வரும். "இதைத் தின்னாதீங்க" என்று ஊரான் எதிரில் சொல்வதற்குப் பதில் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஊமையாகிவிடுவாள். ஆக, தேவை ஒரு விருந்தாளி.

தூரத்து ஊரான செண்டாயில் சுகவாரா இருந்தார். குராதாவோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன். சந்தேகப்படத் தெரியாதவர். குராதா போன் போட்டார். பழைய சிநேகம், வயசாகிறது, இன்னும் எத்தனை நாளோ என்றெல்லாம் சொல்லி அந்த மனுஷனை அழவே வைத்துவிட்டார். வருகிற சனிக்கிழமை வருவதாக வாக்கும் வாங்கிவிட்டார்.

"சுகவாரா வர்றான்," என்றார் மனைவியிடம், போகிற போக்கில் சொல்வதுபோல்.

"அப்படியா. திடீர்னு?"

"ஊரைப் பாக்கணுமாம். நாமதானே சுத்திக் காட்டணும். ஊர்ச் சாப்பாடும் போடணும்."

"ஆமா ஆமா. இந்த மாசத்துல வந்துட்டு நண்டு சாப்பிடாமப் போனா நமக்குத்தானே கேவலம்."

அவள் வாயிலிருந்தே நண்டு வந்துவிட்டது. குராதாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டைவிரலை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"நானும் வர்றேன்," என்றாள் சயோகோ.

"தாராளமா வா," என்றார் குராதா. வந்து என்ன செய்துவிடப் போகிறாள்.

சனிக்கிழமை காலை சுகவாரா கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ரயிலை விட்டு இறங்கினார். முதலில் கென்ரோகுவென் தோட்டம். பனிக்காக பைன் மரங்களுக்கெல்லாம் உச்சியிலிருந்து கயிறு கட்டியிருந்தார்கள். சுகவாரா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று வாயைப் பிளந்தார். குராதா ஒவ்வொரு மரத்தடியிலும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எதுக்கும்மா இத்தனை கயிறு?"

"பனி பாரத்துல கிளை முறிஞ்சிடும் பாருங்க," என்றாள் சயோகோ. "விழறதுக்கு முன்னாடியே கட்டி வெச்சுட்டா அப்புறம் கவலையில்ல." இதைச் சொல்லும்போது அவள் மரத்தைப் பார்க்கவில்லை, குராதாவைப் பார்த்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய தேநீர் வீடுகள் இருக்கும் தெரு. அங்கே தங்கத் தகடு ஒட்டிய ஐஸ்கிரீம் விற்பார்கள். ஊர்க்காரன் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். சயோகோ ஒன்றே ஒன்று வாங்கி குராதா கையில் கொடுத்தாள்.

"இந்தக் குளிர்லயா?"

"விருந்தாளி போட்டோ எடுக்க ஆசைப்படறார், சாப்பிடுங்க."

தங்கம் மீசையில் ஒட்டிக்கொண்டது. சுகவாரா நான்கு போட்டோ எடுத்தார். குராதா சகித்துக்கொண்டார். இன்னும் அரை மணி நேரம்தானே.

சந்தைக்குப் பின்னால் இருந்த ஓடென் கடையில் பன்னிரண்டு மணிக்கு இடம் கிடைத்தது. நீளப் பலகை முன்னால் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே பெரிய செப்புத் தொட்டியில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் முள்ளங்கி, முட்டை, சோயாப் பாலில் செய்த டோஃபுக் கட்டி, மீன் உருண்டை எல்லாம் மிதந்தன. சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'பெட்டை நண்டு ஆளுக்கு ஒன்று மட்டும்.'

மூன்று நண்டுகள் வந்தன. ஓட்டுக்குள்ளே சதையை அடைத்து, மேலே ஆரஞ்சு நிறத்தில் முட்டையைக் குவித்து, நாரால் கட்டி, ரசத்தில் வேகவைத்த நண்டுகள். ஆவி முகத்தில் அடித்தது. குராதாவுக்கு இந்த உலகத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. ஜெயித்தாயிற்று. அவர் சாப்பிடும் குச்சியை எடுத்தார்.

"சுகவாரா சான்," என்றாள் சயோகோ, வழுக்கும் குரலில். "இவரு கூச்சப்படறாரு, அதனால நான் சொல்றேன். தன்னோட நண்டையும் உங்களுக்குத்தான் குடுக்கணும்னு ரெண்டு நாளா சொல்லிட்டே இருக்காரு. நான் ஊர்க்காரன், நெனச்சப்ப தின்னுக்குவேன், அவன் அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றான், அப்படின்னு." சொல்லிக்கொண்டே குராதாவின் தட்டை இரண்டு கையாலும் எடுத்து சுகவாரா முன்னால் வைத்துவிட்டாள்.

குராதாவின் குச்சி அந்தரத்தில் நின்றது.

"ஐயோ, வேண்டாம்மா," என்று சுகவாரா தட்டைத் திருப்பித் தள்ளினார். "அவன் சாப்பிடட்டும்."

நல்ல மனுஷன் என்று குராதா உருகினார். ஆனால் இந்த நாட்டில் விருந்தாளி முதல் தடவை வேண்டாம் என்பது வேண்டாம் ஆகாது. இரண்டாம் தடவையும் ஆகாது. வேண்டாம் என்றவுடன் சரி என்று தட்டை இழுத்துக்கொள்கிற வீட்டுக்காரனைப் பற்றி ஊர் ஏழு வருஷம் பேசும். நண்பனும் மனைவியும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் கடைக்காரரும் பார்த்தார்.

"சாப்பிடுப்பா," என்றார் குராதா. அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

"இல்லப்பா, உன் நண்டு இது."

மறுபடி தட்டு வந்தது. ஆரஞ்சு முட்டை அவர் மூக்குக்கு நேரே மின்னியது. இப்போதாவது சயோகோ சும்மா இருக்கலாம்.

"பாருங்க, இவரு மனசு நோகுது," என்றாள் சயோகோ.

நோகத்தான் செய்தது. குராதா தன் கையாலேயே தட்டைத் தள்ளினார். "எனக்கு... எனக்கு இதெல்லாம் அலுத்துப் போச்சு. நீ சாப்பிட்டாதான் எனக்குத் திருப்தி."

மூன்றாம் தடவை சுகவாரா மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து வணங்கினார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். மனுஷன் சந்தேகப்படத் தெரியாதவர் மட்டுமில்லை, மிச்சம் வைக்கவும் தெரியாதவர். பக்கத்தில் சயோகோ தன் நண்டை முட்டை முட்டையாக, கண்ணை மூடிக்கொண்டு, இருபது நிமிஷம் சாப்பிட்டாள்.

"அப்ப நீ என்ன சாப்பிடுவே?" என்று சுகவாரா கேட்டார், இரண்டாவது ஓட்டை நக்கிக்கொண்டே.

குராதா தொட்டியைப் பார்த்தார். மானம் என்று ஒன்று இருக்கிறதே. "எனக்கு டோஃபு போதும். டோஃபுன்னா எனக்கு உயிர்."

"நிஜமாவா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே."

"ரொம்ப நாளாவே," என்றார் குராதா. வெந்த டோஃபு வந்தது. தின்றார். மீசையில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருந்தது.

சாயங்காலம் ஸ்டேஷனில் சுகவாரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான்ப்பா," என்றார். குராதாவும் கண் கலங்கினார். காரணம்தான் வேறு.

வீட்டுக்கு வந்ததும் சயோகோ கால் உறையைக் கழற்றச் சொல்லி கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். "வீக்கம் இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள். அவள்மேல் கோபப்பட அவருக்கு ஒரு சாக்குக்கூட மிச்சமில்லை.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி, நண்டின் கடைசி நாளன்று, செண்டாயிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. விருந்து சாப்பிட்டவர் பதிலுக்கு ஊர்ப் பொருள் அனுப்பாமல் இருக்க மாட்டார். செண்டாய் என்றால் மாட்டு நாக்கு. தணலில் வாட்டினால் அடடா. குராதா சயோகோ வருவதற்குள் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பெட்டி பெரிசுதான், ஆனால் கனமே இல்லை.

உள்ளே அடுக்கடுக்காக உலர்ந்த டோஃபு. மேலே ஒரு கடிதம்.

'எங்கள் பக்கத்தில் பனியில் உறையவைத்துக் காயப்போடுகிற டோஃபு. கெட்டுப்போகாது. தினமும் சாப்பிட்டாலும் அடுத்த நண்டுப் பருவம் வரை வரும். அப்போது நானும் வருகிறேன். என் மனைவிக்கும் உன் நண்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.'

குராதா நிமிர்ந்தார். சயோகோ பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இதுவும் உன் வேலைதானே?"

"நான் டோஃபுன்னு வாயே திறக்கலையே," என்றாள் அவள். "உயிர்னு சொன்னது நீங்க." மேஜையில் பேனாவும் தடித்த காகிதமும் எடுத்து வைத்தாள். பரிசு வந்த அன்றைக்கே நன்றிக் கடிதம் போய்விட வேண்டும், அதுவும் கைப்பட.

குராதா உட்கார்ந்து, 'எனக்கு ரொம்பப் பிடித்தது' என்று எழுதினார்.

சயோகோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஒரு 'ரொம்ப' போதாதுங்க," என்றாள்.